சொலினாய்டை மாற்றிவிட்டு அழுக்கை உள்ளேயே விட்டார்கள்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பில் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வண்டி பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக். டி-யில் போட்டால் தாமதித்து, அப்புறம் ஒரு உதறலோடு கிளம்பும். பிறகு மூன்றாவது கியரிலேயே நின்று, செக் லைட் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்ததில் பி0751 என்ற பிழைக் கோட் வந்தது. "சொலினாய்டு போச்சு சார், செட்டா மாத்தணும்" என்றார்கள். கியர்பாக்ஸுக்குள் ஆயில் போகும் வழியைத் திறந்து மூடி கியரை மாற்றவைக்கும் மின்வால்வுதான் சொலினாய்டு. சொலினாய்டு செட், புது ஆயில், புது ஃபில்டர், பான் (கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு) கிளீனிங் என்று பில் வந்தது. சில வாரங்களில் அதே உதறல். திரும்பப் போனால், "கியர்பாக்ஸையே மாத்தணும்."

ஆட்டோமேட்டிக் வேலை மட்டும் பார்க்கும் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னே பானைக் கழற்றினார். சொலினாய்டு புதுசுதான். ஆனால் ஃபில்டர் பழையது, கறுத்துக் கிடந்தது. பானில் இருக்கும் காந்தத்தில் விரல் பதியும் அளவுக்கு இரும்புச் சேறு. மெல்லிய சாம்பல் நிறப் பசை படிவது சாதாரணம். சிலும்பு சிலும்பாக உலோகம் வந்தால்தான் பயப்பட வேண்டும் என்றார். எங்களுடையதில் சிலும்பு இல்லை.

கிளட்ச் பிளேட்டின் உராய்வுத் தூளும் இரும்புத் தூளும் ஆயிலில் கலந்து சுற்றுகின்றன. சொலினாய்டு என்பதே கம்பிச்சுருள் காந்தம். இரும்புத் தூளைத் தானே இழுத்து, உள்ளே இருக்கும் சின்ன ஊசியை நகரவிடாமல் செய்துவிடும். பி0751 என்ற கோட் சொல்வதும் சொலினாய்டு சரியாக வேலை செய்யவில்லை, சிக்கியிருக்கலாம் என்பதுதான். சுருள் எரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பான் ஆயிலை மட்டும் வடித்தால் டார்க் கன்வெர்ட்டரிலும் (என்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் பழைய ஆயில் தங்கிவிடும். அந்த அழுக்கு புது சொலினாய்டையும் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

சொலினாய்டுகள் பொருந்தியிருக்கும், ஆயில் பாதைகள் கொண்ட வால்வ் பாடியைக் கழுவி, கூலர் லைனை ஃப்ளஷ் செய்து, ஃபில்டர் மாற்றினார். கியர்பாக்ஸ் மாற்றவே இல்லை, வண்டி நன்றாக ஓடுகிறது. முதல் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "பழைய ஃபில்டரையே கழுவிப் போட்டோம்" என்கிறார்கள். பில்லில் புது ஃபில்டருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்! பில், ஃபில்டர் படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

பானைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய ஃபில்டரையும் சொலினாய்டையும் கையில் வாங்குங்கள். ஆயில் இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.