கவுன்சில் டாக்ஸி லைசென்ஸ் சேவை: விதிகள் சரி, அலுவலகம்தான் மந்தம்

இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஊரின் கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், பிரைவேட் ஹையர் (முன்பதிவில் மட்டும் ஓடும் வாடகைக் கார்) டிரைவர் லைசென்ஸ் எடுத்தேன், அண்மையில் அதைப் புதுப்பித்தும் ஆயிற்று. ஊர்ப்பெயர் வேண்டாம். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். போன இரண்டும் விதிகளுக்காக இல்லை, முழுக்க அலுவலகத்துக்காக.

டிரைவருக்கு ஒரு லைசென்ஸ், வண்டிக்கு ஒன்று, புக்கிங் எடுக்கும் ஆப்பரேட்டருக்கு ஒன்று என்று மூன்று உண்டு, மூன்றும் ஒரே கவுன்சில் கொடுத்ததாக இருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற கட்டாயம் இது. லண்டனுக்குத் தனிச் சட்டம், அங்கே அந்நகரின் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல். பார்த்துக்கொள்கிறது. இதைத் தெரியாமல் சிலர் முதலில் காரை வாங்கிவிட்டு அப்புறம் ஆப்பரேட்டரைத் தேடுகிறார்கள், அவர் பக்கத்து கவுன்சிலில் பதிந்தவர் என்றால் உங்கள் பேட்ஜும் (டிரைவர் அடையாள வில்லை) பிளேட்டும் (வண்டியின் லைசென்ஸ் தகடு) அவருக்குப் பயன்படாது. வண்டி எத்தனை வருடம் பழையதாக இருக்கலாம், புகை அளவு என்ன, பின்கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருக்கலாம் என்பதெல்லாம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். கார் பார்க்கப் போவதற்கு முன் அவர்களுடைய பாலிசியை முழுதாகப் படித்துவிடுங்கள்.

தெருவில் கை காட்டுகிறவரை ஏற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. ஹாக்னி கேரேஜ் என்று பதிந்த டாக்ஸிக்குத்தான் அந்த உரிமையும் ஸ்டாண்டில் நிற்கிற உரிமையும். நாம் ஆப்பரேட்டர் வழியாக வந்த புக்கிங்கை மட்டும்தான் எடுக்கலாம், மழையில் நனைந்துகொண்டு ஒருவர் கெஞ்சினாலும் ஏற்றினால் அது குற்றம், அந்தப் பயணத்துக்கு இன்சூரன்ஸும் இல்லாமல் போய்விடும்.

சோதனைகள் கடுமைதான். என்ஹான்ஸ்டு டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சோதனை), லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கான அளவுகோலில் மெடிக்கல், ஊர் அறிவுத் தேர்வு, ஆங்கிலம், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் வரிசையாக வரும். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும்போது வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் வரிச் சரிபார்ப்புக் குறியீடும் கேட்கிறார்கள். இதையெல்லாம் தொல்லை என்று சலித்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வட இங்கிலாந்தின் ராதர்ஹம் ஊரில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி 2014இல் வந்த அறிக்கையில் டாக்ஸி ஓட்டுநர்களின் பங்கும் பேசப்பட்டது, அதற்கப்புறம் அந்த ஊரில் வண்டிக்குள் கேமராவே கட்டாயம் ஆனது. இரவு ஒரு மணிக்குத் தனியாக ஒரு பெண்பிள்ளை நம் காரில் ஏறுகிறாள் என்றால் பின்சீட்டில் இருக்கிறவளுக்கு இந்த பேட்ஜைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டி.பி.எஸ். பார்க்க வேண்டும் என்று அரசின் 2020 வழிகாட்டுதல் சொல்வது சரியே.

பயிற்சி வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது. மாற்றுத்திறனாளிப் பயணியை எப்படி ஏற்றி இறக்குவது, அதற்குக் கூடுதல் காசு கேட்கக் கூடாது என்ற 2022 சட்டம், வழிகாட்டி நாயோடு வருகிறவரை மறுத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கவில்லை.

அலுவலகம்தான் பிரச்சினை. போனை யாரும் எடுப்பதில்லை, மின்னஞ்சல் போட்டால் தானியங்கிப் பதில் மட்டும் உடனே வரும், ஏற்கெனவே ஏற்றிய ஆவணத்தையே மறுபடி ஏற்றச் சொல்வார்கள், நம் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்க வழியே இல்லை. அந்த நாட்களில் கார் தவணை போய்க்கொண்டே இருக்கும், வருமானம் மட்டும் நின்றுவிடும். லைசென்ஸ் வேலைக்கு ஆகும் நியாயமான செலவை ஈடுகட்டத்தான் கட்டணம் வாங்கலாம், லாபம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அப்படியானால் நாம் கட்டுகிற பணத்தில் போனை எடுக்க ஓர் ஆளாவது இருக்க வேண்டாமா?

வுல்வர்ஹாம்ப்டன் கவுன்சிலின் பிளேட் போட்ட கார்கள் மான்செஸ்டரிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் ஓடுவதற்கு ஒரு காரணம் இந்த மந்தம்தான் என்று நினைக்கிறேன். எங்கே சீக்கிரமும் மலிவாகவும் கிடைக்கிறதோ அங்கே டிரைவர் போகிறார், சட்டப்படி அதில் தவறும் இல்லை. ஆனால் வேறு கவுன்சில் கொடுத்த வண்டிமேல் உள்ளூர் லைசென்ஸ் அதிகாரிக்குப் பெரிதாக எந்த அதிகாரமும் கிடையாது, புகார் சொல்ல நினைக்கிற பயணி எங்கோ தூரத்து ஊருக்கு எழுத வேண்டும். சிறுமிகளைக் குழுவாகச் சீரழித்த கொடுமை பற்றி 2025 ஜூனில் வந்த கேசி அறிக்கையும் இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லியிருக்கிறது. விதியை நாடு முழுக்க ஒன்றாக்குங்கள், அதோடு உள்ளூர் அலுவலகத்தில் ஆளையும் கூட்டுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் நேர்மையாக விண்ணப்பித்துக் காத்திருக்கிறவன்தான் மறுபடி மாட்டுவான்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், அந்தக் கடிதத்தை மேசையில் போட்டுவைக்காதீர்கள். ஓர் ஊரில் மறுத்ததை மறைத்து இன்னோர் ஊரில் வாங்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், மறுப்புகளும் ரத்துகளும் இப்போது தேசியப் பதிவேட்டில் ஏறுகின்றன, கவுன்சில்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

டி.பி.எஸ். சான்றிதழ் வழங்கப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்டேட் சர்வீசில் (அந்தச் சான்றிதழை நடப்பில் வைத்திருக்கும் இணையச் சேவை) சேர்ந்துவிடுங்கள், வருடச் சந்தா தானாகப் போகிற மாதிரி கார்டையும் போட்டுவையுங்கள். கார்டு காலாவதியாகிச் சந்தா நின்றுபோனால் டி.பி.எஸ்.ஸை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.