எஸ்.எஸ். என்று பில் போட்டு இரும்பு ஸ்குரூ அடித்து 46,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: கேரவன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் கேரவனின் மேற்கூரையிலிருந்து நேற்றுக் கழற்றிய ஸ்குரூக்களில் பாதிக்கு மேல் தலை பழுப்பாகப் பொரிந்து, மரை அரித்துப் போயிருந்தன. சில திருகும்போதே தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டன. இவற்றைத்தான் '304 எஸ்.எஸ்.', அதாவது எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற வகை என்று பில்லில் எழுதி, கூலியும் தகடும் சேர்த்து 46,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கோவைக்கும் கரூருக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில், பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறை என்பது மட்டும் போதும். பழைய வேன் ஒன்றைப் படுக்கையும் சமையல் மேடையும் வைத்துக் கேரவனாக்கி, குடும்பத்தோடு வால்பாறை, கொடைக்கானல் என்று போய்வருகிறோம். காற்றுப்போக்கிச் சட்டத்தைச் சுற்றி நீர் கசிந்ததால், அந்தச் சட்டத்தையும் கூரை ஓரத்து அலுமினியப் பட்டைகளையும் புதிதாகப் பொருத்தக் கொடுத்தோம்.

எஸ்.எஸ். தான் வேண்டும் என்று முதலிலேயே அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண இரும்பு ஸ்குரூவின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு மிக மெல்லியது. முடுக்கும்போது அது கீறிவிட்டால் அந்த இடத்தில்தான் துரு தொடங்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், அது பெருகப் பெருகத் தலையைச் சுற்றிய சீலன்ட் விட்டுப்போகும், நீர் மரை வழியே இறங்கி உள்ளிருக்கும் பிளைவுட்டை ஊறவைக்கும். 304 வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே உருவாக்கும் மெல்லிய படலம் கீறினாலும் தானே மீண்டும் உருவாகிவிடும். மழையும் பனியும் மாறி மாறிப் படும் கூரைக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

பட்டறைக்காரர் நான் கேட்காமலேயே ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் நாலைந்து ஸ்குரூக்களைக் கொட்டி, காந்தத்தை அருகில் கொண்டுபோய்க் காட்டினார். 304 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். அவர் காட்டியதில் ஒன்றுகூட ஒட்டவில்லை. "பாருங்ண்ணா, நம்மகிட்ட டூப்ளிகேட் வேலையே கிடையாதுங்க" என்று சொல்லி, என் அப்பாவிடமும் காந்தத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். பெரியவரை மதித்துப் பேசிய அந்தப் பணிவுதான் எங்களை முழுவதுமாக நம்பவைத்தது. முன்பணமாகப் பெரும்பகுதியை அப்போதே கொடுத்தோம். காட்டிய டப்பா வேறு, கூரையில் ஏறிய டப்பா வேறு என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஆடிச் சாரல் முடிவதற்குள் கூரைப் பட்டையில் பழுப்புக் கோடுகள் வடிந்தன. படுக்கைக்கு மேலே இருந்த பிளைவுட் உப்பியது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் எல்லா ஸ்குரூவும் பிடித்து இழுக்கின்றன. அரத்தால் தலையை உரசியதும் பளபளப்பு உரிந்து உள்ளே வெறும் இரும்பு தெரிந்தது.

முதலில் போனில், "மலைக்கு ஓட்டுனீங்கல்லங்க, பனிக்கு எதுவும் துருப்புடிக்கத்தானுங்க செய்யும்" என்றார்கள். நேரில் போனபோது, "அதுவும் எஸ்.எஸ். தானுங்க, 410 நம்பரு, காந்தம் ஒட்டும்" என்றார்கள். 410 காந்தத்தில் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது உள்ளும் புறமும் ஒரே உலோகம், உரசினால் பூச்சு உரியாது. மேலும் பில்லில் இருப்பது 304. அதைக் காட்டியதும் பேச்சு மாறியது: எஸ்.எஸ். போட்டால் அலுமினியத்தை அரித்துவிடும், எங்கள் நன்மைக்காகவே இரும்பு போட்டார்களாம்! இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும் என்பது மெய்யே. ஆனால் பூச்சு போன இரும்பும் அதையேதான் செய்யும். ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் வைத்து ஈரத்தைத் தடுப்பதுதான் அதற்கு வழி, ஸ்குரூவை மாற்றி ஏமாற்றுவது அல்ல. அதன் பிறகு ஓனர் திருப்பூர் போயிருக்கிறார், கணக்குப்பிள்ளை வரவில்லை, அடுத்த வாரம் கூப்பிடுகிறோம் என்பதே பதில். இப்போது போனையே எடுப்பதில்லை. நாங்கள் கொடுத்த 46,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஊறிய பிளைவுட்டை மாற்றும் செலவு தனி.

விரிவாக எழுதும் நிலையில் இல்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஸ்குரூவை நீங்களே வாங்கிக் கொடுங்கள். போல்ட்டாக இருந்தால் தலையில் ஏ2-70 என்ற முத்திரையைப் பாருங்கள், அது 304 வகையைக் குறிக்கும். காந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள்; நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய 202 வகையும் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. கூரையில் வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் அருகில் நில்லுங்கள். பில்லில் வகை எண்ணை எழுதி வாங்குங்கள், கழற்றிய ஸ்குரூக்களைத் தூக்கி எறியாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம், பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் மனுவைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.