செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள்: சிகிச்சை முடியும்வரை ஒரு வீடு

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குழந்தைகளும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்குவதற்கான இல்லங்களை, செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் என்ற அமைப்பு 2006-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கியது. இன்று கொல்கத்தா, டெல்லி, ஹைதராபாத், ஜெய்ப்பூர், குவாஹாட்டி, சென்னை ஆகிய நகரங்களிலும் அவை இயங்குகின்றன. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள புகழ்பெற்ற செயின்ட் ஜூட் மருத்துவமனை வேறு, இது வேறு. உறவினர் குழந்தை ஒன்றின் சிகிச்சையையொட்டி இத்தகைய மையம் ஒன்றை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம் உண்டு. சமையலறை பொதுவானது, ஆனால் அவரவர் அடுப்பில் அவரவர் சமைத்துக்கொள்ளலாம். அரிசி, பருப்பு போன்ற மளிகைப் பொருட்களும், மருத்துவமனைக்குச் சென்று வர வாகனமும், குழந்தைகளுக்குப் பாடமும், பெற்றோருக்கு மனநல ஆலோசனையும் அங்கேயே கிடைக்கின்றன. என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சமையலறைதான். கீமோ மருந்தால், நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும் நாட்களில் குழந்தைக்குச் சமைக்காத காய்கறி ஆகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் தர வேண்டும். உணவை அப்போதைக்கப்போது சமைக்க வேண்டும். மருத்துவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் இந்த விதிகளை, பல மாதங்களாக அங்கே இருக்கும் ஒரு தாய், நேற்று வந்த இன்னொரு தாய்க்குக் குழம்பு கொதிக்கும் நேரத்தில், பாதி சைகையிலும் பாதி இந்தியிலுமாகச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்தேன். இதற்குமுன் அந்தப் புதிய தாயின் குடும்பம் தங்கியிருந்த விடுதியில் கழிப்பறைகூடப் பலருக்கும் பொதுவானது. நோய்த்தொற்றுக்கு அஞ்ச வேண்டிய குழந்தையை அங்கே வைத்துக் காப்பது எப்படி?

தங்குமிடத்தை ஏதோ ஒரு கூடுதல் உதவியாகக் கருதுவோர் பலர். என் கருத்து வேறு. ஏ.எல்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. அச்சிகிச்சையின் தீவிர கட்டத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உடனடியாக மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கைப்பணம் கரைந்து, தகப்பனின் கூலியும் நின்றுபோய், ஊர் திரும்பிவிடும் குடும்பத்தின் குழந்தை, குணமாகக்கூடிய நோயாலேயே இறந்துபோகிறது. ஆராய்ச்சிக்கும் அது இழப்பே. 1984-இல் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் இந்த ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. அதன் நீட்சி என்று சொல்லத்தக்க ஐசிக்கிள் ஆய்வு, 2016 முதல் சென்னை, மும்பை, டெல்லி, சண்டிகர், கொல்கத்தா மருத்துவமனைகளை ஒரே சிகிச்சை நெறிமுறையில் இணைத்தது. இத்தனை மருத்துவர்கள் கைகோத்து வகுத்த முறை பலிக்கிறதா என்று அறிய வேண்டுமானால், குழந்தைகள் கடைசி மாத்திரைவரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். நாடு தழுவிய குழந்தைப் புற்றுநோய்ச் சமூகம் என்று நாம் பேசும்போது மருத்துவர்களையும் ஆய்வகங்களையும் மட்டுமே நினைக்கிறோம். இம்மையங்களும் அதில் சரிபாதிப் பங்குக்கு உரியவை.

குறை இல்லாமல் இல்லை. தேவைக்கு முன்னால் இடங்கள் மிகக் குறைவு. மும்பையின் பரேல் பகுதியில் டாடா மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் இன்றும் படுத்துறங்கும் குடும்பங்களே அதற்குச் சாட்சி. சேவை சில நகரங்களிலேயே நிற்பதால், வீடு திரும்பி மாத்திரையைத் தொடரும் பராமரிப்புக் கட்டத்தில், மாவட்ட அளவில் அதே கவனிப்பைத் தர ஆளில்லை. 2030-க்குள் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினரையாவது பிழைக்க வைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. ஒரு தொண்டு அமைப்பின் தோளில் மட்டும் இந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு அதை எட்ட முடியாது. அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே இத்தகைய இல்லங்கள் எழ வேண்டும்.

இடம் தேடுவோருக்கு ஒரு செய்தி. நேரடியாக மையத்துக்குச் சென்று நிற்பதைவிட, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் வழியாக அணுகுவதே முறை. நோய் உறுதியான வாரத்திலேயே அங்குள்ள மருத்துவச் சமூகப் பணியாளரைக் கண்டு, தங்குமிடம் தேவை என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.