ப்ரெப்: மாத்திரையில் குறையில்லை, அந்த மூன்று மாதக் கணக்குதான்

நண்பர் கேட்டார்: "ப்ரெப் என்பது எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையாமே, எனக்கு ஒத்துவருமா?" அதில் டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி. என்று இரண்டு மருந்து இருப்பதையெல்லாம் அவரே படித்துவிட்டார். படிக்காமல் விட்டது ரத்தப் பரிசோதனையை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தினம் ஒன்று ஒழுங்காகப் போட்டால் உடலுறவு வழித் தொற்றைச் சுமார் 99 சதவீதம் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்ற தொல்லை கிடையாது. ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி வரலாம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் போய்விடும். படுக்கும் முன் போட்டுக்கொண்டால் குமட்டல் தூக்கத்திலேயே கழிந்துவிடும்.

எரிச்சல் மருந்துச் சீட்டில் இருக்கிறது. வழக்கமாக 90 மாத்திரைக்கு மேல் எழுத மாட்டார்கள். அடுத்த 90 வேண்டுமென்றால் 'நெகட்டிவ்' என்று புது ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட் நான்கு நாள் தள்ளிப்போனால் டப்பா காலி. பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே ரத்தம் கொடுத்துவிடுவதுதான் வழி. நோயே இல்லாத ஆளை வருடத்துக்கு நான்கு முறை வரிசையில் உட்கார வைக்கிறார்களே என்று கோபம் வரத்தான் செய்யும்.

காரணம் சரியானது என்பதுதான் இன்னும் கடுப்பு. தொற்று வந்தது தெரியாமல் இதையே தொடர்ந்தால், இந்த இரண்டு மருந்து மட்டும் வைரஸை அடக்காது. வைரஸ் அவற்றுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும். பிறகு சிகிச்சையில் அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம். தொடங்கும்போதும் இதே கதைதான். சமீபத்தில் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்; முதல் சில வாரங்களில் ஆன்டிபாடியை (வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) மட்டும் பார்க்கும் சோதனை ஏமாற்றிவிடும். ஆபத்து நேர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் ப்ரெப் அல்ல, ஆபத்துக்குப் பின் போடும் 28 நாள் மருந்தான 'பெப்' உடனே தொடங்க வேண்டும்.

அதே ரத்தத்தில் சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள். கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 60-க்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை வேண்டாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை தினமும் விழுங்குகிறவர் அதையும் மருத்துவரிடம் சொல்லட்டும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பலாம். சிபிலிஸ், கொனோரியா போன்ற பிற பால்வினை நோய்களை இது தடுக்காது, ஆணுறை மூலைக்குப் போக வேண்டியதில்லை.

தினம் ஒன்று என்ற முறையில், போட்ட அன்றே காவல் கிடையாது. ஆசனவாய் வழி உறவில் உள்வாங்குபவருக்கு 7 நாள், பெண்ணுறுப்பு வழியில் சுமார் 21 நாள் தினமும் போட்ட பிறகுதான் முழு அளவு சேரும். தேவைக்கு மட்டும் போடும் 2-1-1 முறை (உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு, அதிலிருந்து 24-ஆம் மணியில் ஒன்று, 48-ஆம் மணியில் ஒன்று) பெண்களுக்கு உதவாது.

துணைவருக்கு எச்.ஐ.வி. இருந்தும், சிகிச்சையால் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உறவில் பரவாது. அவர் ஒருவருக்காக மட்டும் இது அவசியமில்லை. ஆணுறை அடிக்கடி தவறுகிறது, துணைவரின் நிலை தெரியாது, ஊசியைப் பகிர நேர்கிறது என்றால் தயங்கவே வேண்டாம், போடலாம்.

மாத்திரைக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தத்துக்கு மூன்றுதான், கோபம் ஆறவில்லை. நண்பர் மாதம் எட்டு நாள் மறக்கிற ரகம். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் லெனகாபவிர் ஊசிதான் சரி. அதற்கும் ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தம் எடுப்பார்கள்.