சின்ன கேபினட்டில் பிசி அசெம்பிள் செய்யக் கொடுக்கிறீர்களா? பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பிசி அசெம்பிள் செய்யக் கொடுத்தேன். பேசிய பொருளில் பாதி மாறி வந்தது. புகார் இன்னும் நடப்பதால் கடைப் பெயர் போடவில்லை. அந்தத் தெருவில் நாணயமான கடைகளும் நிறைய உண்டு. பல வருடமாக ஹார்ட் டிஸ்க் எல்லாம் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் இந்த மாதிரி மாற்று வேலை சின்ன கேபினட்டில் செய்வது சுலபம். சூடாகிறதே என்று போய்க் கேட்டால், "சின்ன கேபினட்னா அப்படித்தான் மேடம்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். சில சமயம் மண்டபத்துக்கே மெஷினைத் தூக்கிப் போக வேண்டும் என்பதால் கூலர் மாஸ்டர் என்ஆர்200பி கேபினட்டைத் தேர்ந்தெடுத்தேன். சுமார் 18 லிட்டர் கொள்ளளவு, 17 சென்டிமீட்டர் சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு. ப்ராசஸர் ஏஎம்டி ரைசன் 7 7700, கடைசியில் 'எக்ஸ்' இல்லாதது. அதை வேண்டுமென்றேதான் கேட்டேன். 7700 அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். 7700எக்ஸ் 142 வாட் வரை போகும். வேகத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். ஆனால் அந்தக் கூடுதல் வாட் அத்தனையும் சூடாகத்தான் மாறும், அது இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்துதான் வெளியேற வேண்டும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை 34 டிகிரியில் இருக்கும்போது உள்ளே போகும் காற்றே சூடு. ப்ராசஸர் மேல் உயரமாக நிற்கும் டவர் கூலர், 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன சைஸ்) கோல்டு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத தரம்) பவர் சப்ளை, 16 ஜிபி ரேம் இரண்டு. எல்லாம் மாடல் பெயரோடு வாட்ஸ்அப் கொட்டேஷனில் இருக்கிறது.

மெஷின் பளபளவென்று வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் லைட். முதல் எக்ஸ்போர்ட் (எடிட் செய்த வீடியோவை ஒரே ஃபைலாக்குவது) போட்டதுமே ஃபேன் அலற ஆரம்பித்தது. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் ப்ராசஸர் 95 டிகிரியில் நிற்கிறது. கடைக்குப் போன் செய்தேன். "ஏஎம்டி கம்பெனியே 95 வரைக்கும் சேஃப்னு சொல்றாங்க மேடம், கூகுள் பண்ணிப் பாருங்க."

இதில்தான் பலர் ஏமாறுவார்கள், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. 7700எக்ஸ் போன்ற சிப்புகள் முழு லோடில் 95 வரை போகும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் டிகிரியை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த 95-இல் எத்தனை கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது, எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். 7700எக்ஸின் பேஸ் ஸ்பீடு, அதாவது கம்பெனி சொல்லும் அடிப்படை வேகம், 4.5 கிகாஹெர்ட்ஸ். நல்ல கூலர் இருந்தால் எல்லா கோரும் ஓடும்போதே ஐந்துக்குப் பக்கத்தில் நிற்கும். என்னுடையது 4.5-க்கும் கீழே விழுந்தது. சூடு தாங்காமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

சரி, 7700 கேட்டவள் ஏன் 7700எக்ஸ் கதை பேசுகிறேன்? பார்ட்டின் பெயரைக் காட்டும் சிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்தபோது அந்தப் பெயர்தான் வந்தது! கேட்டால், "உங்களுக்காக ஃப்ரீ அப்கிரேட் பண்ணிக் கொடுத்தோம்." டப்பாவைக் கேட்டேன். இல்லை, ட்ரே பீஸ், அதாவது டப்பா இல்லாமல் மொத்தமாக வரும் சரக்கு. டப்பாவோடு வரும் ப்ராசஸருக்கு ஏஎம்டி மூன்று வருட வாரண்டி தருகிறது. ட்ரே பீஸுக்கு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, 7700 டப்பாவுக்குள் ரெய்த் பிரிசம் கூலர் ஒன்று இருக்கும், அதுவும் வரவில்லை. என்ன அப்கிரேடோ.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றினேன். டவர் கூலர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் தெரியாத ஒரு குட்டைக் கூலர், மூடிய ஜன்னலுக்கு எதிரே வைத்த டேபிள் ஃபேன் மாதிரி கண்ணாடியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. என்ஆர்200பி டப்பாவில் கண்ணாடி மூடியோடு ஓட்டை போட்ட ஸ்டீல் மூடியும் சேர்ந்தே வரும், காற்று வாங்குவதற்கு அதுதான். அதை எனக்குத் தரவே இல்லை. கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி மேலே சூடு வெளியேற வேண்டிய கேபினட்டில், மேல் ஃபேன்களையும் உள்ளே ஊதும்படி மாட்டியிருந்தார்கள். ஃபேனின் ஃப்ரேம் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே வரும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எம்.2 எஸ்எஸ்டியின் (மதர்போர்டிலேயே மாட்டும் ஸ்டோரேஜ்) சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த வேண்டிய பேடில் ப்ளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. இது மட்டும் ஏமாற்று இல்லை, சோம்பேறித்தனம். பவர் சப்ளை கோல்டு அல்ல, அதற்குக் கீழான ப்ரான்ஸ் (Bronze) தரம். ரேம் ஒரே ஒரு 32 ஜிபி, அதாவது சிங்கிள் சேனல்: இரண்டு போட்டால் கிடைக்கும் வேகம் கிடைக்காது.

பில்லில் இருந்தது ஒரே வரி: "அசெம்பிள்டு பிசி – 1". மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. ஜிஎஸ்டி இல்லாமல் போட்டால் குறைத்துத் தருகிறேன் என்று முதலிலேயே ஆசை காட்டினார்கள். நான் 18 சதவீதம் கட்டியே பில் வாங்கினேன், அதனால் வாங்கியதற்காவது ஆதாரம் இருக்கிறது. என்ன வாங்கினேன் என்பதற்கு வாட்ஸ்அப் கொட்டேஷன்தான் சாட்சி. நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு பார்ட்டையும் தனி வரியாக, மாடல் பெயரும் சீரியல் நம்பரும் போட்டுக் கேளுங்கள். ப்ராசஸர், கூலர், கேபினட், பவர் சப்ளை நான்கின் காலி டப்பாவும் உங்கள் கையில் வர வேண்டும். "குப்பைதானே மேடம்" என்பார்கள். இல்லை. கடையிலேயே மூடியைக் கழற்றச் சொல்லி, சிபியு-இசட்டில் ப்ராசஸர் பெயரையும், உள்ளே எத்தனை ரேம் மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ப்ராசஸருக்கு முழு லோடு கொடுக்கும் சினிபெஞ்ச் டெஸ்ட்டைப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். தயங்கினால் மீதிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

"ஒன்ஸ் சோல்டு நோ ரிட்டர்ன்" என்று போர்டு மாட்டியிருந்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில்லில் வேறு காலக்கெடு இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1915-இல் பதிவு செய்த பிறகு கடைக்காரரின் குரலே மாறிவிட்டது. டவர் கூலர், ஸ்டீல் மூடி, கோல்டு பவர் சப்ளை, இரண்டு ரேம் எல்லாம் வந்தன. மேல் ஃபேன்களை நானே திருப்பி மாட்டினேன். பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங் திரை) '65 வாட்' என்று பெயர் போட்ட ஈகோ மோடைப் போட்டால் 7700எக்ஸும் அதிகபட்சம் 88 வாட்டில் நின்றுவிடும். இப்போது அதே எக்ஸ்போர்ட்டில் எழுபதுகளில் ஓடுகிறது, கிகாஹெர்ட்ஸும் விழவில்லை.

ப்ராசஸர்தான் பாக்கி. லெட்டர்ஹெட்டில் மூன்று வருட வாரண்டி எழுதித் தருகிறேன் என்கிறார். எனக்கு லெட்டர்ஹெட் வேண்டாம், டப்பாவோடு 7700 கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.