மர இழைப்புளியா, இரும்பு இழைப்புளியா?

கைக்கருவிகளைக் கொண்டு மரவேலை பழக விரும்புகிறவர் இழைப்புளி வாங்கப் போனால், அதன் உடல் மரமாக இருக்க வேண்டுமா இரும்பாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. இரண்டிலும் மரத்தைச் சீவுவது எஃகு அலகுதான். பெரும்பாலும் அது 45 பாகைச் சாய்வில்தான் அமர்ந்திருக்கும். நன்றாகத் தீட்டிய அலகுகளை இரண்டிலும் பொருத்தி இழைத்தால், பலகையைத் தடவிப் பார்த்து எது எதனால் இழைக்கப்பட்டது என்று சொல்வது கடினம். அலகை அமர்த்தும் விதத்திலும் தள்ளும் கைக்குத் தெரியும் பாரத்திலுமே இவை பிரிகின்றன.

இரும்பு உடல் முற்றிலும் புதியதன்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பாம்பேய் நகரிலேயே இரும்பு அடித்தகடு கொண்ட இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பிற்கால ஐரோப்பாவில் மரக்கட்டையே நிலைத்தது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட தச்சுக் கருவிகளிலும் மர இழைப்புளிகள் உண்டு. அமெரிக்காவில் 1827இல் ஹசார்டு நோல்ஸ் வார்ப்பிரும்பு உடலுக்குக் காப்புரிமை பெற்றபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. லெனார்டு பெய்லி என்ற அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர், அலகைத் திருகால் ஏற்றி இறக்கும் அமைப்பை 1860களில் செம்மைப்படுத்தி, 1869இல் ஸ்டான்லி என்ற கருவித் தயாரிப்பு நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கிய பிறகுதான் இரும்பு பரவியது. என் கணிப்பில், வென்றது இரும்பு அன்று, அந்தத் திருகுதான்.

மர இழைப்புளியில் அலகை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடிக்கிறது. அலகின் தலையில் சிறு சுத்தியலால் தட்டினால் அலகு இறங்கும். கட்டையின் பின்முனையில் தட்டினால் ஏறும். ஒவ்வொரு முறையும் ஆப்பை மறுபடி தட்டி இறுக்க வேண்டும். தொடக்கத்தில் அலகு ஒரேயடியாக இறங்கி, மரத்தில் குத்தி நிற்கும். சில வாரங்களில் காது பழகிவிடுகிறது: ஆப்பு தளர்ந்திருக்கையில் பொள்ளலாகக் கேட்கும் தட்டல், இறுகியதும் கெட்டியாகிவிடும். இரும்பில் இந்தப் பயிற்சி தேவையில்லை. அலகின் பின்னாலுள்ள பித்தளைச் சக்கரத்தை விரலால் திருப்பினால் போதும். ஆனால் அந்தத் திருகில் சிறிது தளர்வு இருப்பதால், அலகைப் பின்வாங்கிய பிறகு மீண்டும் சற்று முன்னோக்கித் திருப்பியே நிறுத்த வேண்டும். இல்லையேல் இழைக்கும்போது அலகு தானாக உள்ளே நழுவும்.

கனத்த சீவல் எடுத்துப் பலகையை விரைவில் மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையில் நான் தயங்காமல் மரத்தையே எடுப்பேன். மரத்தின்மேல் மரம் வழுக்கி ஓடுகிறது, எடையும் குறைவு. அரை நாள் இழைத்தால் தோள் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும். இரும்பின் அடியில் அவ்வப்போது மெழுகு தேய்க்காவிட்டால் அது பலகையைப் பிடித்துக்கொள்ளும். பழைய மர இழைப்புளிகளின் தடித்த அலகு அதிர்வையும் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் நார் திசை மாறி மாறி ஓடும் பலகையில், பிசிறு கிளம்பாமல் மிக மெல்லிய சீவல் எடுக்க வேண்டியிருக்கும்போது இரும்புக்கே என் வாக்கு. அலகை இம்மியளவு நகர்த்துவதும், வாயின், அதாவது அடியில் அலகு வெளிவரும் பிளவின், இடைவெளியைக் குறுக்குவதும் அதில் எளிது.

பராமரிப்பில் இரண்டுக்கும் தனித்தனிக் குறைகள் உண்டு. மர உடல் காற்றின் ஈரத்துக்கேற்ப நெளியும். அடிப்பரப்பை அவ்வப்போது சீவிச் சமன்செய்ய வேண்டும். அப்படிச் சீவச் சீவ வாய் அகன்றுகொண்டே போகும். இரும்பு துருப்பிடிக்கும், கைதவறிக் கீழே விழுந்தால் வார்ப்பு உடைந்தும் போகலாம்.

ஒன்றுதான் வாங்க இயலும் என்பவருக்கு, சுமார் 14 அங்குல நீளமுள்ள, ஸ்டான்லி வரிசையில் 5ஆம் எண் கொண்ட இரும்பு இழைப்புளியைப் பரிந்துரைப்பேன். ஆசிரியர் அருகில் இல்லாமலே அதைக் கற்றுக்கொள்ளலாம். கனத்த வேலைக்கு மர இழைப்புளியைப் பிறகு சேர்த்துக்கொள்ளட்டும். பழையதாக வாங்கினால், மரத்தில் ஆப்பு அமரும் பக்கச்சுவர்களிலும், இரும்பில் வாயின் இரு ஓரங்களிலும் விரிசல் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்பே வாங்க வேண்டும்.