பாறசாலையில் ஒரு போட்டோ பிரேம் கடை: அப்பாவின் குஞ்சம் திரும்பி வந்தது

பாறசாலை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஒற்றை ஷட்டர் கடை. வெளியே வேளாங்கண்ணி மாதா படமும் பத்மநாபசுவாமி படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், அதுதான் அடையாளம்.

அப்பா 9-வது மெட்ராஸ் பட்டாளத்தில் ஹவில்தார். கொளச்சல் வெற்றித் தூணுக்குப் பக்கத்தில் சீருடையோடு நின்று அவர் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் உண்டு. சுவரில் ஓதம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போனது. முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன். அம்மைத் தழும்பெல்லாம் போய் முகம் வழவழப்பாக வந்தது. தொப்பியின் ஓரத்தில் இருந்த கறுப்புக் குஞ்சத்தைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரரைத் தூரத்திலேயே காட்டிக்கொடுப்பது அந்தக் குஞ்சம்தான். அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு மக்களே?" என்று கேட்டாள்.

பாறசாலைக் கடைக்காரர் படத்தைப் பிய்க்கவே இல்லை, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்தார். அப்புறம் லென்ஸ் வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டார்: "இது அழுக்கா, உள்ளதா தம்பி?" தொப்பி பேட்ஜ் மங்கியிருந்தது. கேடயத்தின் மேல் யானை, குறுக்கே இரண்டு வாள் என்று சொன்னேன். 1803-ல் மராட்டியருக்கு எதிராக அஸ்ஸாயேயில் போரிட்ட மதராஸ் படைகளுக்குக் கிடைத்த யானை அது.

பேச்சு வளர்ந்தது. 1704-ல் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் மன்னரின் மெய்க்காவல் படையாகத் தொடங்கியது அப்பாவின் பட்டாளம். 1741-ல் மார்த்தாண்ட வர்மா கொளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததைத் தங்கள் வெற்றியாகவே அப்பா சொல்வார். 1954-ல்தான் அது இந்திய ராணுவத்தில், மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தது. கொளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார், உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இருக்கிறது என்றேன். "பிள்ளையளோட அங்க போயிருக்கேன் தம்பி, யாரு கல்லறைன்னு இப்பதான் தெரியுது" என்றார்.

குஞ்சம் எப்படி இருக்கும் என்று வாயால் சொன்னது அவருக்குப் போதவில்லை. மறுநாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அசல் குஞ்சத்தையே கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நூல் நூலாக வரைந்தார். தழும்பு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஒரு வாரம் என்றார், பதினைந்து நாள் ஆனது. தூணின் அடிப்பகுதி கொஞ்சம் இருட்டாக விழுந்திருக்கிறது, அதையும் பார்த்திருக்கலாம். தேக்குச் சட்டத்தோடு 1,400 ரூபாய். இனி ஒட்டாமலிருக்கக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுண்ட் வைத்து இடைவெளி விட்டிருக்கிறார். பழைய படம் வைத்திருப்பவர்கள் அந்த மவுண்டைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். குஞ்சத்தின் மேல் விரலை வைத்து, "லீவு முடிஞ்சு போகும்போது இத நான்தான் சீப்பு வச்சு சீவிக் கொடுப்பேன்" என்றாள்.